பூவில் நுரை எழும்போது

பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. இராமானுசர் ஆசானாகப் போற்றிய திருக்கச்சி நம்பிகள் அங்கே நந்தவனம் வைத்து, நாள்தோறும் காஞ்சி வரதருக்குப் பூக் கொண்டுபோனதாக வைணவ மரபு சொல்கிறது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடிதான் தலமரம். தொண்டைமானின் யானை அந்தக் கொடியில் கால் சிக்கி நின்றதாகத் தலபுராணம். இப்படிப் பூவால் பெயர் பெற்ற ஊர்களில் பூ கூந்தலுக்குப் போகிறது, சாமிக்குப் போகிறது, இறுதி ஊர்வலத்துக்கும் போகிறது. குவளைக்குப் போவதில்லை. ஐரோப்பாவிலோ, குறிப்பாக இங்கிலாந்தில், மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் வேலியோரம் பூக்கும் எல்டர் என்ற சிறுமரத்தின் வெள்ளைப் பூங்கொத்துகளைச் சர்க்கரை நீரில் ஊறவைத்து, வீட்டிலேயே நுரைக்கும் பூமது செய்வது நெடுநாள் வழக்கம். அதே முறையை மல்லிக்கும் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் பொருத்தி, அம்பத்தூர் அடுக்குமாடியின் சமையலறையிலோ ஆவடிக் குடியிருப்பின் பின்கட்டிலோ செய்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்குச் சமையல், வேதியியல், வரலாறு, சட்டம் என நான்கு திசைகளிலிருந்தும் விடை தேட வேண்டியிருக்கிறது. நான்கும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன என்பது என் முடிவு. இந்த மதுவின் குணத்தைத் தீர்மானிப்பதில் பூவுக்குச் சிறிய பங்குதான். பெரிய பங்கு வெப்பத்துக்கு. அந்த வெப்பத்துக்கு ஏற்ற விடையை நம் நிலம் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

ஆங்கிலேய வீட்டுமுறை எளிமையானது. நாலரை லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 700 கிராம் சர்க்கரை, ஓர் எலுமிச்சை, இரண்டு கரண்டி வினிகர், கைநிறையப் பூங்கொத்து. ஓரிரு நாள் ஊறவைத்து, வடிகட்டி, புட்டியில் அடைத்து, இரண்டு வாரம் விட்டுவிட்டால் நுரை வந்துவிடும். பலர் ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதே இல்லை. பூவிலும் மகரந்தத்திலும் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்டையே நம்புகிறார்கள். எல்டர் பூவில் சொல்லத்தக்க சர்க்கரை இல்லை. புளிக்கிற சர்க்கரை முழுவதும் கடையில் வாங்கியது. பூ தருவது மணம் மட்டும். ஆகவே பெயரளவில்தான் இது பூமது. உண்மையில் பூமணம் ஏற்றிய சர்க்கரை மது. பெயரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இந்தப் பானத்தைச் ‘ஷாம்பெயின்’ என்று விற்ற ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின்மீது பிரெஞ்சு ஷாம்பெயின் தயாரிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆல்கஹால் இல்லாத பானமானாலும் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்று 1993-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நிலத்தின் பெயரை இன்னொரு நிலத்தின் பானத்துக்கு வைக்கக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பை, ஒரு நிலத்தின் செய்முறையை இன்னொரு நிலத்துக்கு அப்படியே தூக்கிவருவதற்கும் நீட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

செய்முறைக் குறிப்பில் எழுதப்படாத ஒரு பொருள் உண்டு: இங்கிலாந்தின் ஜூன் மாதம். அங்கே அப்போது அறையின் வெப்பம் பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரி. ஈஸ்ட் அந்தக் குளிர்ச்சியில் நிதானமாக வேலை செய்யும், மணம் தங்கும், இரண்டு வாரம் என்ற கணக்கும் பொருந்தும். சென்னையின் மேற்குப் புறநகரில் மே மாதப் பகல் 38 டிகிரியைத் தொடுவது வழக்கமான செய்தி. மீனம்பாக்கத்தில் 2003 மே மாத இறுதியில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று அம்பத்தூரைத் தாமதமாகத்தான் எட்டும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அது இன்னும் தாமதம். மேற்குச் சுவரை ஒட்டிய சமையலறைப் பரண் நள்ளிரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். இந்தச் சூட்டில் ஈஸ்ட் பல மடங்கு வேகமாகப் பெருகும். வேகத்தோடு கூடவே, குடித்தால் தலை கனக்கச் செய்வதாகச் சொல்லப்படும் உயர் ஆல்கஹால்களையும் கூடுதலாக உண்டாக்கும். காற்றுப் பட்டால் புளிக்காடி பாக்டீரியாவுக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் கொண்டாட்டம். பூவின் மணமோ எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் ஆனது. வேகமாகக் கிளம்பும் வாயுக் குமிழிகள் அந்த மணத்தை வாரிக்கொண்டு வெளியேறிவிடும். மூன்றாம் நாள் மிஞ்சுவது மல்லி வாசம் போன இனிப்பும் புளிப்பும் கலந்த நீர்.

சுவை கெடுவதைவிடப் புட்டி வெடிப்பது பெரிய கவலை. ஒரு கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும் பாதி கரியமில வாயுவாகவும் மாறும். மூடிய புட்டியில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தாலே, 10 டிகிரிக் குளிரில் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஷாம்பெயின் செய்பவர்கள் லிட்டருக்கு 24 கிராம் அளந்து சேர்த்து ஆறு வளிமண்டல அழுத்தம் பெறுகிறார்கள். அதைத் தாங்க அவர்களுடைய கண்ணாடிப் புட்டி, காலியாக இருக்கும்போதே 800 கிராமுக்கு மேல் எடை இருக்கும். வீட்டுமுறையில் லிட்டருக்கு 150 கிராமை ஒட்டிய சர்க்கரை. அதில் எவ்வளவு புளித்தது, எவ்வளவு மிச்சம் என்று யாரும் அளப்பதில்லை. மூடும்போது 20 கிராம் மட்டுமே மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், குளிரில் ஐந்து வளிமண்டலம். இனி வெயிலைச் சேர்ப்போம்: 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1.2 லிட்டர் வாயுவைத் தன்னுள் கரைத்து வைக்கும். 35 டிகிரியில் அதில் பாதியைத்தான் வைக்கும். மீதி வாயு மூடியை முட்டும். அழுத்தம் இரட்டிப்பாகிப் பத்து வளிமண்டலம் ஆகிவிடும். கார் டயரில் இருப்பதைப் போல நான்கைந்து மடங்கு. பழைய ஜூஸ் புட்டியையோ தேன் புட்டியையோ கழுவி இதற்குப் பயன்படுத்துவது, கண்ணாடிச் சில்லுகளை நிரப்பிய வாணத்தைச் சமையலறையில் வைப்பதற்குச் சமம். ஐரோப்பிய வீடுகளிலேயே எல்டர் பூப்புட்டிகள் வெடிப்பது வாடிக்கை என்றால், ஆவடியின் மே மாதத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இதற்கு உடனே வரும் மறுப்பு, இப்போது எல்லா வீட்டிலும் குளிர்பெட்டி இருக்கிறது, பல வீடுகளில் ஏசியும் இருக்கிறது என்பது. நியாயமான மறுப்புதான். குளிர்பெட்டி புளிப்பை நிறுத்திவைக்க உதவும். ஆனால் 4, 5 டிகிரியில் ஈஸ்ட் தூங்கிவிடும் என்பதால் புளிக்கவைக்க உதவாது. 18 டிகிரியை இரண்டு வாரம் இடைவிடாமல் காக்க வேண்டுமானால் ஓர் அறையையே ஏசி போட்டு வைக்க வேண்டும். நடுவில் கோடை மின்தடை வந்தால், தூங்கிய ஈஸ்ட் விழித்து, மூடிய புட்டிக்குள் மறுபடி வேலையைத் தொடங்கும். கருவிகளால் இங்கிலாந்தின் ஜூனை இங்கே உண்டாக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அவ்வளவு செலவில் கிடைப்பது இரவல் பருவத்தின் இரவல் பானம். அதைவிட, இந்த வெயிலிலேயே வாழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் பழைய தொண்டை மண்டலம். அந்த மண்டலத்தை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியில் நடக்கும் மதுச் செய்முறை ஒன்றைப் படிப்படியாகச் சொல்கிறார். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைதானியத்தை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் சாடியில் விளைந்ததைப் பிழிந்தெடுப்பது. முளைதானியத்தின் நொதி மாவைச் சர்க்கரையாக்கும் என்ற நுட்பம் ஒருபுறம் இருக்கட்டும். என் கண்ணில் படுவது காலக்கணக்கு. இரண்டே நாள். இங்கிலாந்தின் இரண்டு வாரம் இங்கே இரண்டு நாளாகச் சுருங்கியிருக்கிறது. இந்தச் சுருக்கத்தை அவசரம் என்று கொள்ளக் கூடாது. இந்த வெப்பத்தில் மூன்றாம் நாள் அது காடியாகத் திரும்பும் என்று அறிந்தவர்களின் கணக்கு அது.

கள்ளும் இதே கணக்கில் நடக்கிறது. கள்ளைப் பூமது என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் தாவரவியல்படி அதுதான் முழுமையான பூமது. தென்னை, பனை இரண்டிலும் பாளை என்பது விரியாத பூங்கொத்து. அதைச் சீவினால் வடியும் சாற்றில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை இருக்கும். எல்டர் பூவுக்குக் கடைச் சர்க்கரை வேண்டும். பாளைக்கு எதுவும் வேண்டாம். கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டும், ஸைமோமோனாஸ் போன்ற பாக்டீரியாவும் சாறு வடிகிறபோதே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கிய கள் தானாகவே நுரைக்கும். ஒரு நாளுக்குள் ஆல்கஹால் 4, 5 விழுக்காட்டை எட்டும். அடுத்த நாள் காடி. மூடிய புட்டி இல்லை, வெடிப்பு இல்லை, அளவுகோல் இல்லை. நுரை இருக்கும்போதே குடித்துவிடுவதுதான் முழுச் செய்முறை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு புளிக்காமல் பதனீராக நிற்கும். நுரையை எழுப்பவும் அடக்கவும் தெரிந்த கைகள் இந்த மண்ணில் இருந்தன. தமிழ்நாட்டில் கள் இறக்குவது 1987 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தென்னையிலிருந்து புளிக்காத நீராவை இறக்க 2017-இல் அரசு விதி வகுத்தது. அதற்குப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் சாற்றைப் பிடிக்க வேண்டும். அதே மரம், அதே பாளை, அதே சாறு. குளிரில் பிடித்தால் விற்பனைப் பொருள், சில மணி நேரம் வெயிலில் விட்டால் குற்றம். சட்டமும் வெப்பமும் இவ்வளவு நெருக்கமாக ஒரே கலயத்தில் சந்திக்கும் இடம் வேறில்லை.

இலுப்பையும் இங்கே பேசப்பட வேண்டியது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை ஏதோ ஏளனமாகவே சொல்லிவருகிறோம். அதில் உணவறிவு இருக்கிறது. உலர்ந்த இலுப்பைப்பூவின் எடையில் பாதியோ அதற்கு மேலோ சர்க்கரை. மத்திய இந்தியப் பழங்குடி மக்கள் மஹுவா என்று அழைத்து, அதைப் புளிக்கவைத்து வடித்து மதுவாக்குகிறார்கள். ஆங்கிலேய அரசு 1892-இல் பம்பாய் மாகாணத்தில் மௌரா சட்டம் கொண்டுவந்து, தாணே, கொலாபா பகுதிகளில் அந்தப் பூவைச் சேர்த்துவைப்பதையே கட்டுப்படுத்தியது. மத்தியப் பிரதேசமோ அண்மைக் காலத்தில் அதை மரபு மது என்று அங்கீகரித்திருக்கிறது. ஒரு பூவைப் பொறுக்குவது ஒரு நூற்றாண்டில் குற்றமாகவும் இன்னொன்றில் மரபாகவும் ஆனது. தமிழகத்தில் இலுப்பை எண்ணெய்க்கும் கோயில் விளக்குக்கும் உரிய மரமாக நின்றுவிட்டது.

இன்னொரு வழி மருத்துவம். ஆயுர்வேதத்தின் புளித்த மருந்துகளான அரிஷ்டங்களைப் புளிக்கவைக்கச் சேர்க்கப்படும் பொருள் ஒரு பூ: தாதகிப்பூ எனப்படும் காட்டாத்திப்பூ. சார்ங்கதர சம்ஹிதை போன்ற நூல்கள் சொல்லும் முறையில், கஷாயத்தில் வெல்லமும் இந்தப் பூவும் சேர்த்து, சாடியின் வாயைச் சீலைமண்ணால் பூசி, நெற்குவியலுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ ஒரு மாதம் வைக்க வேண்டும். நெற்குவியல் எதற்கு? வெளியே பகலும் இரவும் எவ்வளவு மாறினாலும் உள்ளே வெப்பம் அலையாது. ஏசி இல்லாத காலத்தின் வெப்பக் கட்டுப்பாடு இது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் தசமூலாரிஷ்டத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை தானாக உருவான ஆல்கஹால் உண்டு. உரிமம் பெற்ற மருந்துக்கூடத்தில் செய்தால் அதே நொதிப்பு மருந்து என்ற பெயரில் சட்டத்துக்கு உட்பட்டதாகிறது.

கடைசி வழி, நம் புறநகருக்கு மிக அருகில் இருப்பது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. அதன் இருபுறமும், பெரம்பூரிலும் அரக்கோணத்திலும், ரயில்வேயை நம்பி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் இரண்டு ஒயின்கள் இருக்கும். ஒன்று, கறுப்புத் திராட்சையைச் சர்க்கரையோடும் ஈஸ்ட்டோடும், சில வீடுகளில் கோதுமையோடும், பீங்கான் ஜாடியில் மூன்று வாரமோ அதற்கு மேலோ ஊறவைப்பது. இன்னொன்று இஞ்சி ஒயின். பெயர்தான் ஒயின், பெரும்பாலும் இஞ்சி, மிளகாய், எலுமிச்சை, கருக்கிய சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய, ஆல்கஹால் இல்லாத பானம். பருவத்தைக் கவனிக்க வேண்டும். திராட்சை ஜாடி வைக்கப்படுவது நவம்பரிலும் டிசம்பரிலும், சென்னையின் இரவு 21, 22 டிகிரிக்கு இறங்கும் வாரங்களில். பண்டிகையின் நாள்காட்டியும் ஈஸ்ட்டின் நாள்காட்டியும் இங்கே ஒத்துப்போயின. அந்த ஒயினில் நுரையும் இல்லை. ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வாயுவை வெளியே விடுவார்கள். வெப்பத்தை மதித்த ஒவ்வொரு வழக்கமும் அடைத்த நுரையைத் தவிர்த்திருக்கிறது என்பதற்கு இது இன்னொரு சான்று.

சட்டத்துக்கு வருவோம். 1937-இல் இராஜாஜி அரசு இயற்றி, அக்டோபர் 1 அன்று சேலத்தில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் தமிழ்நாட்டில் அடிப்படை. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது, 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இவ்வளவு திருப்பங்களிலும் மாறாமல் நின்றது அதன் வரையறை: ஆல்கஹால் உள்ள எந்தத் திரவமும் மது. ஆகவே சொந்த உபயோகத்துக்கு ஒரு ஜாடி என்றாலும், உரிமம் இல்லாமல் பூவைப் புளிக்கவைப்பது இங்கே குற்றம். இதை வாசகர் ஐயமின்றி அறிய வேண்டும். அண்டை மாநிலமான கேரளத்திலும் 2019 டிசம்பரில், வீட்டு ஒயின் சட்டவிரோதம் என்று கலால் துறை எச்சரித்தது. பிறகு 2022-இல் பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு உற்பத்தியாளர்களுக்கு அங்கே உரிம விதிகள் வந்தன. வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் பெற வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 1963-இல் நீங்கியது; அமெரிக்காவில் அதற்கு இருந்த தடையை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. இரண்டு நாடுகளும் ஒரு கோட்டை அழியாமல் வைத்திருக்கின்றன: புளிக்கவைக்கலாம், உரிமம் இல்லாமல் வடிக்கக் கூடாது.

அந்தக் கோடு நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து. எதிர்ப்பின் வலுவை நான் குறைத்து எடை போடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள். வீட்டு மது என்றதும் அந்த மருத்துவமனைப் படுக்கைகளும் பெற்றோரை இழந்த அந்தக் குழந்தைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அங்கே கொன்றது தொழிற்சாலைக்கான மெத்தனால். சாராயத்தில் கலக்கப்பட்ட நஞ்சு. சர்க்கரை நீரில் பூவை ஊறவைத்தால் பிறப்பது எத்தனால். பெக்டினிலிருந்து வரும் மெத்தனால் மிகச் சிறிய அளவு, அதைச் செறிவாக்கும் வடித்தலும் இங்கே இல்லை. வடித்தலையும் கலப்படத்தையும் கடுமையாகத் தண்டிக்கும் சட்டம், புளிப்பை வேறாக அணுகினால் பலவீனப்படாது. காவல்துறையின் கவனம் கொல்லும் பொருளின்மீது குவியும். இதைவிடக் கனமான எதிர்ப்பு குடும்பங்களிடமிருந்து வருவது. குடியால் கூலி கரைந்த வீடுகளில் பெண்கள் மதுக்கடைக்கு எதிராகத் தெருவில் நின்றிருக்கிறார்கள். மதுவிலக்குப் போராளி சசிபெருமாள் 2015-இல் அந்தப் போராட்டத்திலேயே உயிர்விட்டார். அவர்களிடம் போய், 4 விழுக்காட்டுப் பூமது தீங்கற்றது என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஒரு ஜாடி பத்து ஜாடியாகி விற்பனையாகாது என்று உறுதி தரவும் முடியாது. ஆகவே நான் கேட்பது, விற்பனைக்கு இடம் தராத, அளவு வரையறுத்த, வடித்தலைத் தடுக்கும் விதிவிலக்கு மட்டும். அதுவும் கள்ளிறக்கும் தொழிலாளியின் கேள்விக்கு விடை சொன்ன பிறகு வர வேண்டியது. பனையேறியின் பாளைச் சாறு குற்றமாக இருக்கும் ஊரில், அடுக்குமாடிக்காரரின் எல்டர் பூவுக்கு முதலில் கதவு திறப்பது நியாயமாகாது.

அதுவரை, மணத்தையும் நுரையையும் பிரித்து எடுத்துக்கொள்வதில் தடையில்லை. நம் ஊர்ப் பன்னீர் சோடா ஏற்கெனவே அப்படித்தான் பிறந்தது: ரோஜா மணம் ஒரு பக்கம், அழுத்தித் திணித்த வாயு இன்னொரு பக்கம். அந்த வாயுவைப் புட்டிக்குள் காக்கக் கோலிக்குண்டை மூடியாக்கிய ஆங்கிலேயர் ஹிரம் காட் 1870-களில் காப்புரிமை பெற்றவர்; அவருடைய புட்டி அவர் நாட்டில் மறைந்து நம் கடைத்தெருவில் நிலைத்தது. வீட்டில் செய்ய நினைப்பவர் பூவைத் தேர்வதில்தான் கண்ணாக இருக்க வேண்டும். கோயம்பேட்டிலிருந்து வரும் மல்லியும் ரோஜாவும் மாலைக்காக வளர்ந்தவை, பூச்சிமருந்து பட்டவை. குடிக்க உகந்தவை அல்ல. பூக்கூடையில் அவற்றோடு கலந்திருக்கும் அரளி இதயத்தைத் தாக்கும் நஞ்சு. திருவிதாங்கூர் தேவஸ்வம் 2024-இல் நைவேத்தியத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அதை நீக்கியது இந்த அச்சத்தால்தான். மருந்தடிக்காத தொட்டிச் செடியின் பன்னீர் ரோஜாவோ செம்பருத்தியோ போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைக்கிலோ சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபின் காம்பும் புல்லியும் நீக்கிய இதழ்களையும் இரண்டு எலுமிச்சையின் சாற்றையும் சேர்க்க வேண்டும். எலுமிச்சை பட்டதும் செம்பருத்தியின் ஊதா நிறம் கருஞ்சிவப்பாகத் திரும்பும். அறையில் வைத்தால் மறுநாளே புளிப்பு தொடங்கும் என்பதால், ஆறியதும் குளிர்பெட்டியில் ஓர் இரவு மூடிவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, குவளையில் ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு குளிர்ந்த சோடாவை ஓரமாக ஊற்றிக் கலக்கலாம். பாகு ஒரு வாரம் குளிர்பெட்டியில் நிற்கும். சோடா கலந்ததை நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும்.